கடலோர ஈரத்தில் மல்லாட்டை: பூஞ்சணத்தைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை மழை ஓய்ந்து வயலில் கால் வைக்க முடிகிற நாள் வந்ததும், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் பக்கங்களிலும் புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு, வில்லியனூர்ப் பகுதிகளிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: “கொடி கருகாத ரகம் எது?” இந்த மண்ணில் பல ஆண்டுகளாக மல்லாட்டை பயிரிட்டு, சரியான ரகத்தால் பிழைத்த வயலையும் தவறான ரகத்தால் சருகான வயலையும் பார்த்தவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பூஞ்சணமே வராத ரகம் என்று ஒன்று இருக்கிறதா?

இல்லை. “நோயே வராது” என்று யாராவது விதை விற்றால், அவர் சொல்லும் மற்றவற்றையும் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். மல்லாட்டையில் இலைப்புள்ளி, துரு ஆகிய நோய்களைத் தாங்கும் தன்மை என்பது பெரும்பாலும் கதவை முழுதாக அடைப்பதன்று, வருகிறவனைத் தாமதப்படுத்துவது. தாங்கும் ரகத்தின் இலையில் புள்ளிகள் குறைவாக விழும், விழுந்த புள்ளி மெதுவாகப் பெருகும், அதிலிருந்து வெளிவரும் பூஞ்சண வித்துகளும் குறைவாக இருக்கும். ஒரு ரகத்தில் வித்து விழுந்து அடுத்த தலைமுறை வித்து வெளிவரப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்னொரு ரகத்தில் பதினெட்டு நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அறுபது நாளில் முதல் ரகத்தில் ஐந்து சுற்றும் இரண்டாவதில் மூன்று சுற்றும் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நோய் பல மடங்காகப் பெருகுவதால், அந்த இரண்டு சுற்று வித்தியாசத்தில்தான் அறுவடை நாளில் ஒரு வயல் பச்சையாகவும் பக்கத்து வயல் வெறும் குச்சியாகவும் நிற்கின்றன.

ரகத்தைக் கேட்பதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

உங்கள் வயலில் வருகிற நோயின் பெயர். இதில்தான் நம்மில் பெரும்பாலோர் தவறுகிறோம். “கருகல்” என்ற ஒரே சொல்லில் குறைந்தது மூன்று நோய்களை அடக்கிவிடுகிறோம். துருவைத் தாங்கும் ரகம் இலைப்புள்ளியையும் அதே அளவுக்குத் தாங்கும் என்று நினைத்துக்கொள்ள முடியாது. தண்டழுகலுக்கு அது ஒன்றுமே செய்யாமல் போகலாம்.

முன்பருவ இலைப்புள்ளி விதைத்த ஒரு மாதத்தை ஒட்டித் தலைகாட்டும். இலையின் மேற்புறத்தில் பழுப்புப் புள்ளியும் அதைச் சுற்றித் தெளிவான மஞ்சள் வளையமும் இருக்கும். பின்பருவ இலைப்புள்ளி பெரும்பாலும் ஐம்பது நாளுக்குப் பிறகு வேகமெடுக்கும். புள்ளி ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும், மஞ்சள் வளையம் தெளிவாக இராது, இலையைத் திருப்பி விரலால் தடவினால் கறுப்புப் பகுதி சொரசொரப்பாகத் தட்டுப்படும். இவ்விரண்டையும் சேர்த்துத்தான் டிக்கா என்கிறோம். துரு வேறு: இலையின் அடிப்புறத்தில் செங்கல் பொடி தூவியதுபோல் சிறு கொப்புளங்கள் எழும்பும், வெள்ளை வேட்டியில் தேய்த்தால் கறை படியும். இன்னொரு வேறுபாட்டைத் தூரத்திலிருந்தே காணலாம். டிக்கா வந்த இலை உதிர்ந்துவிடும். துரு வந்த இலை காய்ந்து சுருண்டாலும் செடியிலேயே தொங்கும். ஆகவே வெறும் தண்டாக நிற்கும் வயலும், சருகைச் சுமந்து நிற்கும் வயலும் ஒரே நோயால் போனவை அல்ல.

மூன்று நோய்களும் ஒன்றாக வந்து, கவனிக்காமல் விட்டால் விளைச்சலில் பாதிக்கு மேல் போகும். காய் குறைவது மட்டுமன்று. இலை உதிர்ந்த செடியின் காம்பு நலிந்து, பிடுங்கும்போது காய் மண்ணிலேயே தங்கிவிடுவதும் அந்த இழப்பில் சேரும்.

மார்கழிப் பட்டத்தில் மழையே பெரிதாக இல்லை. அப்படியிருந்தும் ஏன் கருகுகிறது?

பூஞ்சணத்துக்கு மழை தேவையில்லை, ஈரமான இலை போதும். “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் பெரியவர்கள் சொன்னது மல்லாட்டைக்காரருக்கு அப்படியே பொருந்தும். மார்கழியில் விதைத்த பயிர் தை, மாசி மாதங்களில் பூத்து, பிறகு காயாகும் விழுதை மண்ணில் இறக்கும்போது, மாலையில் இறங்கும் பனி மறுநாள் வெயில் ஏறும்வரை இலையில் நிற்கிறது. இப்படிப் பத்து மணி நேரத்துக்கு மேல் நனைந்திருக்கும் இலை, இரவில் இருபது பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம், பகலில் முப்பதுக்குள் வெயில் என்றால், டிக்காவுக்கும் துருவுக்கும் அதைவிட வசதியான வீடு கிடையாது.

இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. கிழக்குப் பக்கம் சவுக்குத் தோப்போ முந்திரித் தோப்போ இருக்கும் வயலில் காலை வெயில் தாமதமாகத்தான் விழும். திறந்த வயலில் எட்டு மணிக்கு உலரும் இலை அங்கே ஒன்பதரை, பத்துவரை நனைந்தே கிடக்கும். ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம் இருந்தும் தோப்போரத்து இரண்டு பாத்திகள் முதலில் கருகுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்படிப்பட்ட துண்டு நிலம் இருப்பவர்கள் மற்ற எவரையும்விட ரகத்தில் கவனம் வைக்க வேண்டும். தெளிப்பு நீர்ப்பாசனம் வைத்திருப்பவர்கள் மாலையில் விடாமல் காலையில் விட்டால், பனி ஈரமும் பாசன ஈரமும் ஒன்றாகிவிடும். மாலையில் விட்டால் நனைந்திருக்கும் நேரம் இன்னும் நீளும்.

சரி, எந்த ரகங்கள்?

முதலில் எவை தாங்கா என்பதைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் தந்த டி.எம்.வி. 2 ரகம் நம் தாத்தா காலத்திலிருந்து சோறு போட்ட ரகம். அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் அது எளிதில் இரையாகும். எந்த அளவுக்கு என்றால், நோய் தாங்கும் ரகங்களைச் சோதிக்கும் ஆராய்ச்சித் திடல்களில், நோயை வேண்டுமென்றே பரப்புவதற்காக இடையிடையே நடும் வரிசைகளுக்கு இந்த ரகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜே.எல். 24 ரகமும் குறைந்த நாளில் நல்ல விளைச்சல் தரக்கூடியது என்றாலும், பூஞ்சண நோய்களில் அதே பலவீனம் உடையது. இவ்விரண்டையும் போடுவதானால், மருந்து தெளிக்கும் செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டே போட வேண்டும்.

தாங்கும் பக்கத்தில், பொள்ளாச்சி அருகே ஆழியாறுநகர் நிலையம் உருவாக்கிய ஏ.எல்.ஆர். 3 துருவைத் தாங்குவதற்கென்றே பெயர் பெற்றது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் தந்த ஜி.பி.பி.டி. 4 ரகம் துரு, பின்பருவ இலைப்புள்ளி இரண்டையும் நன்கு தாங்கும். அதன் கதை சொல்லத் தக்கது. பயிரிடும் மல்லாட்டைக்குள் போதிய எதிர்ப்புத் தன்மை கிடைக்காதபோது, தென் அமெரிக்காவில் காட்டில் விளையும் அராக்கிஸ் கார்டெனாசி என்ற உறவுச் செடியுடன் கலப்புச் செய்து பெற்ற ஒரு வழித்தோன்றல்தான் இந்த ரகத்தின் பெற்றோர்களில் ஒன்று. பிற்காலத்தில் ஜே.எல். 24 போன்ற பழைய ரகங்களுக்கு நோய் தாங்கும் தன்மையை ஏற்ற முனைந்தபோதும், ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், அந்தக் குணத்தைத் தரும் பெற்றோராக எடுத்துக்கொண்டது ஜி.பி.பி.டி. 4-ஐத்தான்.

நம் மாவட்டத்துக்கே உரிய விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. வரிசையில் பல ரகங்களைத் தந்திருக்கிறது. நம் செம்மண்ணிலும் நம் பனியிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதால், வெளியூர் ரகத்தைத் தேடுமுன் அங்கே தற்போது எது கிடைக்கிறது என்று கேட்பது என் வழக்கம். கேட்கும்போது “நல்ல ரகமா?” என்று கேட்காமல், “பின்பருவ இலைப்புள்ளிக்கு எத்தனை மதிப்பெண், துருவுக்கு எத்தனை மதிப்பெண்?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று முதல் ஒன்பது வரையிலான அளவுகோலில் ஒன்று என்றால் நோயில்லை, ஒன்பது என்றால் இலைப்பரப்பு அநேகமாக முழுதும் போய்விட்டது என்று பொருள். மூன்று, நான்கு என்று சொன்னால் தைரியமாகப் போடலாம். ஆறுக்கு மேல் சொன்னால் அந்த ரகத்தைத் தோப்போரத்து நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தாங்கும் ரகங்கள் இருக்கும்போது பழைய ரகங்களை ஏன் இன்னும் போடுகிறார்கள்?

உழவருடைய அறியாமை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நோயை நன்றாகத் தாங்கும் பல ரகங்களில் தோல் தடித்திருக்கும், உடைப்புத் திறன் குறைவாக இருக்கும், வயதும் சில நாள் நீளும். நூறு கிலோ காய் உடைத்தால் எழுபத்து மூன்று கிலோ பருப்புத் தரும் ரகத்தை விட்டுவிட்டு அறுபத்தாறு தரும் ரகத்துக்கு ஒருவர் போக மறுத்தால், அவர் கணக்குத் தெரிந்தவர். பருப்பு சிறுத்திருந்தால் வியாபாரியும் விலையைக் குறைப்பார்.

இரண்டாவது காரணம் விதை. நெல்லில் ஒரு கைப்பிடி விதை ஓரிரு பருவத்தில் ஊருக்கே பரவிவிடும். மல்லாட்டையில் ஒரு மூட்டை விதைக்கு எட்டு, பத்து மூட்டைதான் திரும்பி வரும். ஏக்கருக்குத் தேவைப்படும் விதையும் அதிகம். ஆகவே புதிய ரகம் நிலையத்திலிருந்து கிளம்பி நம் ஊர்க் களத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒருவர் ஐந்து கிலோ வாங்கி விதைக்கென்றே பெருக்கி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது, இந்தப் பயிரில் மிகப் பெரிய உதவி.

ஆடிப்பட்டத்துக்கும் இதே தேர்வுதானா?

இல்லை. மானாவாரியாக ஆடியில் விதைத்தது ஐப்பசியில் பிடுங்கும் பருவத்துக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. அங்கே இலை கருகுவதைவிட, முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்து முளைப்பதும் பூசணம் பிடிப்பதும் பெரிய ஆபத்து. நாம் வழக்கமாகப் போடும், படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகங்களின் விதைக்கு உறக்க காலம் கிடையாது. முற்றிய பின் ஈரம் கிடைத்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஆகவே ஆடிப்பட்டத்துக்கு வயது குறைந்த ரகம், அல்லது இரண்டு மூன்று வாரமாவது விதையுறக்கம் உள்ள ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். 2011 திசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய ஃபெஞ்சல் மழையையும் கண்டவர்கள், பத்து நாள் முந்தி முற்றும் ரகத்தின் அருமையை அறிவார்கள்.

தண்டழுகலுக்கும் கழுத்தழுகலுக்கும் ரகம் உதவுமா?

அதிகம் உதவாது. இவை மண்ணில் இருந்து வருபவை. கழுத்தழுகல் முளைத்த சில நாள்களில் நாற்றின் கழுத்தில் கறுப்புப் பொடியாகத் தெரியும். தண்டழுகலில் அடித்தண்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு படர்ந்து, பிறகு கடுகளவு உருண்டைகள் உண்டாகும். அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இலை தங்கும் ரகங்களில் தரை எப்போதும் நிழலாகவும் ஈரமாகவும் இருப்பதால், தண்டழுகலுக்கு அது வசதியாகவும் அமையலாம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோடையில் ஆழ உழுவது, கிலோ விதைக்கு நான்கு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சணத்தைக் கலந்து விதைப்பது, நெல்லோ கம்போ போட்டு நிலத்தை மாற்றுவது ஆகியவையே இங்கே கைகொடுக்கும்.

நெருக்கி விதைத்தால் நோய் கூடுமா?

கூடும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்ற இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

தாங்கும் ரகம் போட்டால் மருந்தே தெளிக்க வேண்டாமா?

சில ஆண்டுகளில் வேண்டாம். பல ஆண்டுகளில் ஒரு தெளிப்பு போதும். அடியிலைகளில் புள்ளி தெரிந்ததும் மேன்கோசெப் போன்ற மருந்தைப் பொட்டலத்தில் அச்சிட்ட அளவில் தெளித்து, பதினைந்து நாள் கழித்து வயலைப் பார்த்துத்தான் இரண்டாவது தெளிப்பை முடிவுசெய்ய வேண்டும். எளிதில் இரையாகும் ரகத்தில் அந்த இரண்டாவது தெளிப்பைத் தள்ளிப்போட முடியாது. தாங்கும் ரகத்தில் பெரும்பாலும் தள்ளிப்போடலாம். தாங்கும் ரகத்தின் முழுப் பயனும் அந்தத் தள்ளிப்போடும் உரிமையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. காலண்டரைப் பார்த்து ரகம் எதுவானாலும் மூன்று முறை தெளிப்பவருக்கு ரகத் தேர்வால் ஒரு காசும் மிஞ்சாது.

சென்ற பருவத்துச் செடி தானாக முளைத்து வயலோரம் நின்றால், விதைப்புக்கு முன் பிடுங்கிவிடுங்கள். துருவும் டிக்காவும் அடுத்த பயிருக்கு ஏறும் படிக்கட்டு அதுதான்.

என் சொந்த விதையையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். மல்லாட்டை தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. வீரிய ஒட்டுரகம்போல் அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்துவிடாது. கெடுவதெல்லாம் களத்திலும் மூட்டையிலும் ஏற்படும் கலப்பால்தான். நான் ஒரு முறை வெளியில் வாங்கிய விதையில் நான்கில் ஒரு பங்கு வேறு ரகம் கலந்திருந்தது. ஐம்பதாம் நாளில் ஒரே வரிசையில் ஒரு செடி பச்சையும் அடுத்தது கருகலுமாக நின்றபோதுதான் அது தெரிந்தது. அன்றிலிருந்து நீல நிறச் சான்றட்டை உள்ள விதையை மட்டுமே புதிதாக வாங்குகிறேன். வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, புதுச்சேரியில் இருப்பவர்கள் உழவர் உதவியகத்திலோ, குரும்பாபேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது. விதையைக் காயாகவே சேமித்து, விதைப்பதற்குச் சில நாள் முன்பு உடையுங்கள்.

என் நிலத்துக்கு எது ஏற்றது என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும், அப்படிச் செய்யத்தான் நான் எல்லோரையும் வற்புறுத்துகிறேன். மூன்று ரகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து வரிசை, வயலின் மூன்று இடங்களில், ஒரே நாளில் விதையுங்கள். ஓர் இடம் கட்டாயம் தோப்பு நிழல் படும் மூலையாக இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்க டி.எம்.வி. 2-ஐ இரண்டு வரிசை போடுங்கள். அதில் நோய் வராத ஆண்டில் மற்ற ரகங்கள் பச்சையாக இருப்பதற்குப் பொருளில்லை. எழுபதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் நடுவரிசையில் பத்துச் செடிகளைப் பார்த்து, ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுங்கள். அறுவடையில் காய்ந்த காயின் எடையையும், ஒரு கிலோ காய்க்கு எவ்வளவு பருப்பு என்பதையும் குறியுங்கள். இரண்டு பருவம் இப்படிச் செய்தவருக்கு, கடைக்காரர் சொல்லும் ரகப்பெயரைவிடத் தன் நோட்டு பெரிதாகத் தெரியும்.

அஃப்ளாடாக்சின் வராத ரகம் உண்டா?

அஃப்ளாடாக்சின் என்பது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் கொட்டையில் உண்டாக்கும் நஞ்சு. விதைத்தோலை அந்தப் பூஞ்சணம் எளிதில் துளைக்க முடியாத ஜே. 11 போன்ற ரகங்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆனால் தோலில் கீறல் விழுந்தாலோ ஈரம் நின்றாலோ எந்த ரகமும் தப்பாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்ததற்குப் பூசணம் பிடித்த மல்லாட்டைப் புண்ணாக்குதான் காரணம் என்று கண்டறிந்த பிறகே இந்த நஞ்சு உலகுக்குத் தெரிந்தது. இன்று நேரடியாக உண்ணும் கொட்டைக்கு நம் நாட்டின் உச்சவரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 4.

இதில் ரகத்தைவிடக் கடைசி ஒரு மாதம் முக்கியம். முற்றும் பருவத்தில் தண்ணீரை முற்றிலும் நிறுத்திப் பயிரை வாட்டினால், பூஞ்சணம் மண்ணுக்குள்ளேயே காயில் ஏறிவிடும். பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்து உலர்த்துங்கள். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆடும்வரை, அதாவது ஈரம் எட்டு விழுக்காட்டை ஒட்டி வரும்வரை, தார்ப்பாயில் காயவிட்டுப் பிறகு சாக்கில் கட்டி, பலகைமேல் அடுக்குங்கள். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தின்னப்போகும் மூட்டையிலாவது அனுமதிக்காதீர்கள்.

மருந்தடித்த கொடியை மாட்டுக்குப் போடலாமா?

தெளித்த மருந்தின் பொட்டலத்தில், அறுவடைக்கு முன் எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த நாள் கழியாமல் கொடியைப் போடக்கூடாது. கறவை மாடு வைத்திருப்பவர்கள் தாங்கும் ரகத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: அறுவடை நாளிலும் கொடியில் இலை இருக்கிறது, கடைசித் தெளிப்பும் தேவைப்படுவதில்லை. கறுத்துப் பூசணம் பிடித்த கொடியை மட்டும் மாட்டுக்கும் போடாமல், வயலிலும் விடாமல், குப்பைக்குழியில் ஆழப் புதைத்துவிடுங்கள்.